பனிக்கரடி வரைந்தது போதும், மழையை அளப்போம்: கேள்வி பதில்

கொழும்பில் 18 வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சுற்றாடல் கழகப் பொறுப்பு "புதுசா வந்த சேர்தானே" என்று முதல் வருடமே தலையில் விழுந்தது, இன்னும் இறங்கவில்லை. பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் காலநிலையை எப்படிப் புரியவைப்பது என்று வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை: எங்கள் பாடசாலையில் ஒரு சாண் மண் இல்லை, எல்லாம் கொங்கிரீட். கழகம் என்றால் உலக சுற்றாடல் தினமான ஜூன் 5இல் சுவரொட்டி, பேச்சுப்போட்டி, முடிந்தது. வேறு என்ன செய்யலாம் சேர்?

சுவரொட்டியை விடுங்கள் டீச்சர். பனிக்கரடியை அத்தனை அழகாக வரைகிற பிள்ளைக்குத் தன் வீட்டு வாசல் கான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது. மொட்டைமாடி இருக்கிறதா? அது போதும். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலை எடுத்து, கழுத்துப் பகுதியை வெட்டி, மூடி இல்லாமல் தலைகீழாக உள்ளே செருகுங்கள், புனல் மாதிரி. அடியில் கொஞ்சம் கல் போட்டு, போத்தல் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே 0 என்று குறித்து, மில்லிமீற்றர் அடிமட்டத்தை வெளியே ஒட்டினால் மழைமானி தயார். சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு வாசிக்க வேண்டும், வளிமண்டலவியல் திணைக்களமும் 24 மணிநேர மழையை அந்த நேரத்துக்குத்தான் கணக்கெடுக்கிறது, அதனால் அவர்களின் எண்ணோடு ஒப்பிடலாம்.

அப்புறம்தான் பாடமே. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். கூரை 300 சதுர மீற்றர், ஒரு இரவில் 60 மில்லிமீற்றர் மழை என்றால்? 18,000 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி பதினெட்டு! அவ்வளவும் ஒரே கானுக்குள் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளை அந்தக் கானுக்குள் பொலித்தீன் போடுமா என்று யோசியுங்கள். அடுத்த கட்டம், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தேடுவது. களனி கங்கையின் மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கிற நாகலகம் வீதி உங்கள் பக்கம்தான், அங்கே இன்னும் அடிக்கணக்கு. உங்கள் மழை எண்ணையும், வளிமண்டலவியல் திணைக்களம் தரும் மலைநாட்டு மழை எண்ணையும், ஆற்று எண்ணையும் ஒரே தாளில் எழுதி வரச் சொல்லுங்கள், மேலே மலையில் பெய்த மழை இங்கே எத்தனை நாள் கழித்து வருகிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

ஒன்று முக்கியம். வாசித்ததும் முழுதாகக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் நுளம்பின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சுற்றாடல் கழகமே டெங்கு வளர்த்தது என்ற பெயர் வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா: மகள் தரம் 6. வெள்ளச் செய்தி பார்த்ததிலிருந்து "கொழும்பு கடலுக்குள்ள போயிடுமா" என்று இரவில் கேட்கிறாள்.

"ஒன்றும் நடக்காது" என்று சொல்லாதீர்கள், பிள்ளை நம்பாது. கடல் மட்டம் உயர்கிறது, உலக சராசரி இப்போது வருடத்துக்குச் சுமார் 4 மில்லிமீற்றர் என்று அடிமட்டத்தில் காட்டுங்கள். ஒரே இரவில் வருகிற விஷயம் இல்லை என்று அவளுக்கே புரியும். கொழும்பு வெள்ளத்தில் பெரும்பகுதி கடலால் வருவதில்லை, மழையும் நிரப்பப்பட்ட சதுப்பு நிலமும்தான் காரணம். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் வந்தது. மிஞ்சிய சதுப்பு நிலங்களுக்காகத்தான் 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. பயந்த பிள்ளையை அங்கே கூட்டிப் போங்கள். பெத்தகானை ஈரநிலப் பூங்காவில் மரப்பாதையில் நடக்கலாம், காலையில் போனால் பறவைகள் நிறைய. மீன்பிடிப் பூனையும் கொழும்புச் சதுப்புகளில் இருக்கிறது, சிங்களத்தில் ஹந்துன் திவியா, ஆனால் அது இரவுக்காரர். பார்க்கலாம் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சாதாரண தர மாணவன்: வானிலை, காலநிலை வித்தியாசம் எப்பவும் குழம்புது சேர்.

தம்பி, இன்றைக்குக் குடை எடுப்பதா என்பது வானிலை. புறக்கோட்டை வியாபாரி எந்த மாதம் குடை இறக்குகிறார் என்பது காலநிலை. பரீட்சையில் "பொதுவாக 30 வருடச் சராசரி" என்று எழுது.

தெமட்டகொடை, கடை வைத்திருப்பவர்: உலகத்தைக் கெடுத்தது பணக்கார நாடுகள். எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு இந்தப் பாடம்?

கோபம் நியாயம்தான். ஒரு இலங்கையர் வருடத்துக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டு சுமார் 1 தொன், அமெரிக்கர் ஒருவர் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். இதையும் வகுப்பில் சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன். ஆனால் தண்ணீர் கடைக்குள் வரும்போது யார் குற்றம் என்று கேட்டுக்கொண்டு வருவதில்லையே அண்ணே.

மட்டக்குளி இளைஞர்: எங்கள் தோட்டத்தில் (நெருக்கமான குடியிருப்பு) விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தோம், பத்துப் பேர் வந்தார்கள், அடுத்த நாளே கானில் குப்பை.

கூட்டம் வைத்தால் பத்துப் பேர்தான் வருவார்கள், அதுவும் தேநீருக்கு. முதலில் பாருங்கள், குப்பை வண்டி எந்த நேரம் வருகிறது, அந்த நேரம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அநேகமாக எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். அப்படியென்றால் குறை அறிவில் இல்லை, நேரத்தில். மாநகர சபையோடு அதைப் பேசுங்கள். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அங்கே குப்பை கொட்டியது ஊர் முழுக்க, செத்தது அடிவாரத்தில் இருந்த ஏழைகள். அதனால் தோட்டத்து மக்களுக்கு அறிவுரை சொல்லும் தொனியில் பேச எனக்குக் கூச்சமாக இருக்கும்.

தெஹிவளை மாடிக்குடியிருப்புச் செயலாளர்: கூட்டெரு வாளி வைத்தோம், நாற்றம் தாங்காமல் மூடிவிட்டோம். மரம் நடலாமா?

நாற்றம் என்றால் ஈரம் அதிகம், காற்று இல்லை. வாளியில் துளை போட்டு, ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு தும்புத்தூளோ காய்ந்த இலையோ போடுங்கள். மீன், இறைச்சி வேண்டாம். எங்கள் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது, இதை விட்டுவிட்டு மரத்துக்கு ஓடாதீர்கள்.

மரமும் நடலாம், ஆனால் முன்பு நான் இருந்த ஒரு பாடசாலையில் படம் எடுத்து, பதாகை பிடித்து, 40 கன்று நட்டோம். வெயிலில் செத்தது நாலைந்துதான். மிச்சத்தை ஓகஸ்ட் விடுமுறையில் புல்லு வெட்டும் மெஷின் சுத்தமாக வெட்டிவிட்டுப் போய்விட்டது. கன்றைச் சுற்றி முதலில் நாலு தடி ஊன்றுங்கள்.