மில் கேட்டும் தண்டல்காரரும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

டிஜிட்டல் தொழில்நுட்பம் வடசென்னையின் வேலைகளைத் தின்றுவிடும் என்றும், துறைமுகத்துக்கும் பின்னி மில்லுக்கும் நேர்ந்ததே மறுபடியும் நேரப்போகிறது என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். என் வீட்டில் நான் காண்பது வேறு. அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். கியூஆர் அட்டை வைத்த பிறகு சில்லறைத் தகராறு ஒழிந்தது. கடனுக்காக வங்கிப் படியே ஏறாதவருக்கு, அந்த வரவுக் கணக்கைப் பார்த்து ஒரு செயலி 30,000 ரூபாய் கடன் கொடுத்தது. பத்தாவதோடு நின்றுவிட்ட தம்பி உணவு டெலிவரி செய்து மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் தருகிறான். உங்கள் கட்டுரையில் இவர்கள் இருவருக்கும் இடமில்லையே, ஏன்?

ம., கொருக்குப்பேட்டை

அன்புள்ள ம.,

உங்கள் கண்டிப்பு நியாயமானது. 1983-இல் சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் முனையம் வந்து, மூட்டை சுமந்தவர்களின் வேலையைக் குறைத்ததை ராயபுரத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த நினைவை அப்படியே இன்றைய கைப்பேசியின் மேல் ஏற்றிவிட்டேன். 1996-இல் மூடப்பட்ட பின்னி மில்லையும் (பி அண்ட் சி மில் என்பதும் அதுதான்) அதே கணக்கில் எழுதியது இன்னும் பெரிய பிழை. அது நட்டத்தில் நொடித்த ஆலை. செயலிகள் வந்து வேலையின் எண்ணிக்கை குறையவில்லை என்பதை நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது: 2020-21-இல் 77 லட்சமாக இருந்த கிக் தொழிலாளர்கள் (நிலையான பணியின்றி, வேலைக்கு வேலை கூலி வாங்குபவர்கள்) 2029-30-இல் 2.35 கோடி ஆவார்கள் என்பது அதன் மதிப்பீடு. உங்கள் தம்பி அந்தக் கணக்கில் ஒருவர். ஆகவே வேலை போய்விடும் என்ற என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் கட்டுரை எழுதத் தூண்டிய உறுத்தல் என்னை விட்டுப் போகவில்லை, அது எதைப் பற்றியது என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கே தெளிவாயிற்று.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு இரவு, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் முனையில் உள்ள டீக்கடையில் ஒரு டெலிவரி இளைஞர் வண்டியின் மேல் உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். செயலியில் வேலை எடுப்பதற்கான அவருடைய ஐடியை பிளாக் செய்துவிட்டார்கள். வாடிக்கையாளர் புகார் என்று ஒற்றை வரி வந்திருந்தது. எந்த வாடிக்கையாளர், என்ன புகார் என்பது அதில் இல்லை. உதவிப் பக்கத்தில் அவர் மூன்று முறை விளக்கம் எழுதினார், மூன்று முறையும் புள்ளி பிசகாமல் ஒரே பதில் வந்தது. பிறகு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "இப்ப யாராண்ட போய் கேக்கறது சார்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்வி இந்தப் பகுதியில் கேட்கப்பட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. அங்கிருந்து சிறிது தொலைவில், பெரம்பூரில், 1918 ஏப்ரல் 27 அன்று அதே பின்னி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றவர், நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமாக அதைச் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை என்பது அந்தத் தொழிலாளர்களின் ஆரம்பக் குறைகளில் ஒன்று. அந்தக் குறையைச் சொல்ல அவர்களுக்கு ஒரு மில் கேட் இருந்தது. கேட்டுக்கு உள்ளே ஒரு மேலாளர் இருந்தார், பெரும்பாலும் கொடுமைக்காரராக இருந்தாலும் அவருக்கு முகமும் பெயரும் இருந்தன, ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் முடிந்தது. வடசென்னை தன் உரிமைகளையெல்லாம் கேட் மீட்டிங் போட்டுத்தான் வாங்கியது. உங்கள் தம்பிக்கு வேலை கொடுத்த செயலி அந்தக் கேட்டை எடுத்துவிட்டது.

இதே விஷயம் கடனிலும் நடக்கிறது. என் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஒரு அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில், பாலித்தீன் பை சுற்றிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று இருக்கும். செதில் ஒட்டிய புறங்கையால் அதைக் காதருகே தூக்கி, "ரூபாய் இருநூறு பெறப்பட்டது" என்பதைக் கேட்ட பிறகே மீனை வெட்டத் தொடங்குவார். (அவருடைய வியாபாரத்தில் இலக்கணத் தமிழ் பேசுவது அந்தப் பெட்டி ஒன்றுதான்; மாத வாடகையும் அதற்கு உண்டு.) முன்பு அவர் வாங்கியது தண்டல். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நூறு நாள் நாளுக்கு நூறு ரூபாய் பிடிப்பார்கள். தண்டல்காரரை நான் உயர்த்திப் பேசவில்லை, அவர் தெருவில் நின்று கத்தியதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, கூடையில் மீன் குறையும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தடை முடியட்டும்ணா, தர்றேன்" என்பார். முணுமுணுத்துக்கொண்டே அவர் போய்விடுவார். இப்போது செயலிக் கடனின் தவணை தினமும் காலையில் கணக்கிலிருந்து தானாகப் போகிறது. வட்டி தண்டலைவிடக் குறைவு, அவமானமும் இல்லை. ஆனால் சென்ற மே மாதம் கணக்கில் பணம் இல்லாமல் தவணை தவறியபோது, அபராதம்தான் வந்தது; தடைக்காலத்தை யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கேட்டைத் திரும்ப வைக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. தமிழ்நாடு 2023-இல் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தது. விபத்துக்கும் கல்விக்கும் உதவி கிடைக்கும், நல்லதுதான், ஆனால் ஐடி ஏன் முடங்கியது என்று கேட்பது நலத்திட்டத்தில் அடங்காத விஷயம். கர்நாடகம் 2025-இல் இயற்றிய சட்டம் அந்த இடத்தைத் தொடுகிறது: காரணத்தை எழுத்தில் சொல்லி, 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்தே ஒருவரை நீக்க வேண்டும் என்கிறது. நம் சங்கங்கள் ஊக்கத்தொகையைக் கேட்கும் அளவுக்கு இதைக் கேட்காதது எனக்கு வருத்தம்.

உங்கள் அம்மாவின் கடனைப் பற்றி ஒன்று. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொண்டுவந்து 2025-இல் புதுப்பித்த விதிகளின்படி, செயலி வழியே கடன் கொடுப்பவர்கள் வட்டி, கட்டணம், அபராதம் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஓர் அறிக்கையாகத் தர வேண்டும். குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து அவருடைய தொடர்பு விவரத்தையும் அதில் தர வேண்டும். அடுத்த தடைக்காலத்துக்கு முன் அம்மாவின் கைப்பேசியை வாங்கி அந்தப் பெயரைத் தேடுங்கள். எத்தனை பக்கம் தள்ளிப் போன பிறகு கிடைத்தது என்பதை எனக்கு எழுதுங்கள்.