நன்றாக ஓடும் ஜாங்கோ தளத்தை எப்போது புதிய பதிப்புக்கு மாற்றுவது?

கேள்வி: எங்கள் கடையின் ஆர்டர் தளம், பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ மென்பொருளின் 3.2 பதிப்பில் ஓடுகிறது. ஒரு தொந்தரவும் இல்லை. இதைப் புதிய பதிப்புக்கு மாற்றியே ஆக வேண்டுமா? ஆமென்றால் எப்போது? செய்து கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், ஆனால் கேட்டால் பதில் சொல்வார்.

முதலில் கெட்ட செய்தி. 3.2-க்கான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தம் தருவது, 2024 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. எனவே உங்கள் விஷயத்தில் "எப்போது" என்ற கேள்விக்கு உரிய நாள் கடந்துவிட்டது, இனி எவ்வளவு சீக்கிரம் என்பதுதான். இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. நானே இதில் இரண்டு தடவை தப்பான பக்கம் விழுந்து எழுந்தவன்.

ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளி வியாபாரிக்கு ஆர்டர் எடுக்கும் தளம் ஒன்றை 2019-லிருந்து பார்த்துக்கொள்கிறேன். ஆரம்பித்தபோது ஜாங்கோ 2.2. முதலாளியிடம் பதிப்பு மாற்றம் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே பதில்தான்: "அது ஓடிட்டுத்தானுங்க இருக்குது, அப்புறம் எதுக்குங்க மாத்தோணும்?" நியாயமான கேள்வி. மாற்றினால் அவருக்குக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றுமே மாறாது, பில் மட்டும் வரும். நானும் "சரி, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று விட்டேன். 2.2-க்கு ஆதரவு 2022 ஏப்ரலில் முடிந்தது. ஜூன் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 4-ஆம் தேதி ஜாங்கோ குழு ஒரு பாதுகாப்பு அறிவிப்பு போட்டது. தேதியை நாள், வாரம், மாதம் என்று வெட்டித் தருகிற டிரங்க், எக்ஸ்ட்ராக்ட் என்ற இரண்டு ஜாங்கோ கருவிகளிலும், எப்படி வெட்ட வேண்டும் என்ற சொல்லை வெளியாள் கொடுக்க முடிந்தால் அதன் வழியாக டேட்டாபேஸை இயக்கும் எஸ்க்யூஎல் கட்டளையையே நுழைக்கலாம் என்றது. திருத்தம் 4.0.6-லும் 3.2.14-லும் வந்தது. 2.2-க்கு வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால்தானே அதை மூடினார்கள்.

எங்கள் விற்பனை அறிக்கைப் பக்கத்தில் "தினம் / வாரம் / மாதம்" என்று ஒரு டிராப்டவுன் உண்டு. அதில் தேர்ந்தெடுத்த சொல் முகவரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்து, எந்தச் சோதனையும் இல்லாமல் நேராக டிரங்குக்குள் போய்க்கொண்டிருந்தது. எழுதியவன் நான்தான். அறிவிப்பைப் படித்துவிட்டு அந்த வரியைத் திறந்து பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. அன்று ராத்திரி, "இந்த மூன்று சொல்லைத் தவிர வேறு எது வந்தாலும் நிராகரி" என்று கையால் ஒரு வேலி போட்டுவிட்டுத்தான் படுத்தேன். வேலி போட ஐந்து நிமிடம். மற்ற இடங்களில் இதே தவறு இருக்கிறதா என்று தேட ராத்திரி இரண்டு மணி வரை ஆனது.

"ஓடுகிறது" என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஆதரவு முடிந்த மறுநாளும் தளம் முந்தின நாள் மாதிரியேதான் ஓடும். ஓட்டை வெளியே தெரிகிற அன்றைக்கு உங்களுக்கு மட்டும் பேட்ச் இருக்காது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் இருக்கிறது. புது பதிப்பு வந்த வாரமே மாற்றுகிறவர்கள். சின்னக் கடைக்கு அதுவும் வேண்டாம். ஜாங்கோவில் 8 மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. அதில் 2.2, 3.2, 4.2, 5.2 என்று புள்ளி இரண்டில் முடிபவை மட்டும் எல்.டி.எஸ், அதாவது மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைப்பவை. 4.2-க்கு 2023 ஏப்ரல் முதல் 2026 ஏப்ரல் வரை. 5.2-க்கு 2025 ஏப்ரல் முதல் 2028 ஏப்ரல் வரை. கணக்கைக் கவனித்தீர்களா? புது எல்.டி.எஸ் வந்த பிறகும் பழையதற்கு ஒரு முழு வருடம் உயிர் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு மாதம்தான் உங்களைப் போன்றவர்களுக்கான ஜன்னல். முதல் இரண்டு மூன்று மாதத்தை மற்றவர்கள் அடிபட விட்டுவிடுங்கள், 5.2.2, 5.2.3 என்று சில திருத்தங்கள் வரட்டும், நீங்கள் சார்ந்திருக்கும் பேக்கேஜ்களை, அதாவது மற்றவர்கள் எழுதிய துணை நிரல்களை, பார்த்துக்கொள்பவர்களும் தயாராகட்டும். பிறகு மீதி ஒன்பது மாதத்தில் உங்கள் கடைக்குக் கூட்டமில்லாத வாரம் எது என்று பாருங்கள்.

2025 டிசம்பரில் 6.0 வந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். அது எல்.டி.எஸ் இல்லை, பைத்தான் 3.12-உம் அதற்கு மேலும்தான் வேண்டும். எட்டு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து மாற்ற ஆள் இருந்தால் போங்கள். இல்லையென்றால் 5.2-ல் நில்லுங்கள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 4.2.10-லிருந்து 4.2.11-க்குப் போவது வேறு, 4.2-லிருந்து 5.2-க்குப் போவது வேறு. முதலாவதற்கு ஆலோசனையே தேவையில்லை. வந்த வாரத்தில் போட்டுவிட வேண்டும். பதிப்பு மாற்றத்துக்குப் பயந்து இந்தச் சின்னத் திருத்தங்களையும் போடாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் இரண்டாவது விழுகை. 2022 ஜூலைப் பயத்தில் அதே மாதம் 3.2-க்கு மாற்றினேன், பிறகு 2024 பிப்ரவரியில் 4.2. அப்போது ஒரே ஒரு அடி. மாற்றிய அன்று யாராலும் லாகின் பண்ண முடியவில்லை, எந்தப் படிவத்தை அனுப்பினாலும் 403, அதாவது "அனுமதி இல்லை" என்ற பிழை. 4.0-லிருந்து ஜாங்கோ, படிவம் எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று பிரவுசர் சொல்லும் "ஆரிஜின்" முகவரியையும் தன் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எங்கள் சர்வரில் முன்னால் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் நின்று எச்டிடிபிஎஸ்-ஐ அவிழ்த்துவிட்டு உள்ளே வெறும் எச்டிடிபி-யாக அனுப்புகிறது. பிரவுசர் ஒன்று சொல்ல, ஜாங்கோ வேறொன்று நினைக்க, கதவு சாத்தப்பட்டது. நம்பகமான முகவரிகள் பட்டியலில் எச்டிடிபிஎஸ்-ஓடு சேர்த்து முழு முகவரியை எழுதியதும் சரியாயிற்று. என் லேப்டாப்பில் எஞ்சின்எக்ஸ் கிடையாது என்பதால் அங்கே இது வரவே இல்லை. அன்றிலிருந்து, நிஜ சர்வர் மாதிரியே இன்னொன்றை மாதம் சில நூறு ரூபாய்க்கு எடுத்து அதில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை.

அந்தத் தெம்பில் 2025 ஜூனில் 5.2-க்குப் போனேன். ஒத்திகை சர்வரில் எல்லாம் சுத்தம். நிஜ சர்வரிலும் சுத்தம். ஜூலை முதல் வாரத்தில் கணக்குப் பார்க்கும் பெரியவரிடமிருந்து போன்.

"ஏனுங் தம்பி, செவ்வாக்கெழம போட்ட பில்லெல்லாம் திங்கக்கெழமன்னு வருதுங்களே, என்னங் பண்ணுனீங்க?"

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை நடப்பது. எங்கள் தளத்தில் வாரத்திலேயே அதிக ஆர்டர் விழுவது செவ்வாய் விடியலுக்கு முன்னால். அந்த ஜூலை 1 செவ்வாய்க்கிழமை. ராத்திரி 2:10-க்குப் போட்ட பில், அவர் டேலி கணக்கு மென்பொருளுக்காக இறக்கிய கோப்பில் ஜூன் 30, இரவு 8:40 என்று நின்றது. ஐந்தரை மணி நேரம் பின்னால். நாள் மட்டுமல்ல, மாதமே மாறி, ஜிஎஸ்டி கணக்கும் மாறுகிறது. வேடிக்கை என்னவென்றால் தளத்தின் பக்கத்தில் நேரம் சரியாகவே தெரிந்தது. கோப்பில் மட்டும்தான் தப்பு.

தோண்டினால் காரணம் 5.0-ல் இருந்தது. செட்டிங்ஸ் கோப்பில் நேர மண்டலத்தை ஜாங்கோ கவனிக்க வேண்டுமா என்று சொல்லும் வரி ஒன்று உண்டு, யூஸ்_டிஇசட். 2019-ல் ஏதோ இரண்டு நேரங்களை ஒப்பிட முடியாது என்று பிழை வந்தபோது நான் அந்த வரியின் முன்னால் ஒரு ஹாஷ் (#) போட்டு அணைத்துவிட்டேன். வரி இல்லையென்றால் "வேண்டாம்" என்று எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். 5.0 முதல் வரி இல்லையென்றால் "வேண்டும்". அப்போதிலிருந்து டேட்டாபேஸிலிருந்து வரும் நேரம் எல்லாம் யூடிசி-யில், அதாவது நம்மூர் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில், வருகிறது. பக்கத்தில் காட்டும்போது டெம்ப்ளேட் அதை நம்மூர் நேரத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடும். கோப்பு எழுதுகிற பைத்தான் வரிகளில் நாமே மாற்றினால்தான் உண்டு. ஏழு இடத்தில் மாற்றினேன். பெரியவர் டேலியில் கையால் திருத்திய பில்கள் எத்தனை என்று நான் கேட்கவில்லை.

இதில் என்னை உறுத்துவது பிழை அல்ல. 4.2-ல் இருந்த ஒன்றேகால் வருடமும் ஜாங்கோ இதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. "இந்த வரியின் இயல்பு 5.0-ல் மாறப்போகிறது, பழையபடியே வேண்டுமென்றால் இப்போதே எழுதி வை" என்று ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி எச்சரிக்கைகளை நான் காட்டச் சொல்லிப் பார்த்ததே இல்லை. இப்போதெல்லாம், தளம் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்டுகளை ஓட்டும்போது பைத்தானுக்கு "-Wa" என்ற ஆப்ஷனைக் கொடுத்து எல்லா எச்சரிக்கையையும் கொட்ட விடுகிறேன். எது எந்தப் பதிப்பில் போகிறது என்று பேரோடு வரும். மாதம் இரண்டு என்று தீர்த்து வந்தால், ஜன்னல் திறக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். டெஸ்டே இல்லையென்றால்? உங்கள் தளத்தில் இருக்காது என்றே நினைக்கிறேன். லாகின், ஒரு ஆர்டர், ஒரு பில், ஒரு கோப்பு இறக்கம், இந்த நான்குக்காவது எழுதச் சொல்லுங்கள். கோப்புக்குள் இருக்கும் தேதியையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி.

அதே மாற்றத்தில் இன்னொன்று, சின்னது. குடோன் கம்ப்யூட்டரில் மூன்று பேர் மாறி மாறி உட்காருவார்கள். "லாக் அவுட்" சாதாரண லிங்காக இருந்தது. 5.0 முதல் லிங்கை அழுத்தி வெளியேற முடியாது, படிவம் மாதிரி அனுப்ப வேண்டும். 405 என்ற பிழையோடு வெள்ளைப் பக்கம் வர, ஒருவர் பெயரில் மற்றவர் இரண்டு நாள் ஆர்டர் போட்டிருக்கிறார்கள். இதற்கும் 4.1-லிருந்தே எச்சரிக்கை இருந்தது.

சரி, உங்கள் 3.2-க்கு வருவோம். ஒரே தாவலில் 5.2-க்குப் போகாதீர்கள். 3.2, 4.2, 5.2 என்று இரண்டு படி. நடுவில் வந்த 4.0, 4.1, 5.0, 5.1 எல்லாவற்றின் ரிலீஸ் நோட்ஸிலும், பழைய பதிப்போடு ஒத்துப்போகாதவை என்ற பகுதியை மட்டுமாவது படிக்க வேண்டும். அதற்கும் முன்னால் சர்வரைப் பாருங்கள். அந்தக் காலத்தில் போட்டது என்றால் அதன் ஆபரேட்டிங் சிஸ்டம் உபுண்டு 20.04 ஆக இருக்கலாம். அதோடு வந்தது பைத்தான் 3.8, டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸ் 12. ஜாங்கோ 5.2-க்குப் பைத்தான் 3.10-உம் போஸ்ட்கிரஸ் 14-உம் குறைந்தபட்சம் வேண்டும். உபுண்டு 22.04-ல் சரியாக இந்த இரண்டும் இருக்கின்றன. இன்னொரு வசதி, பைத்தான் 3.10 மட்டும்தான் ஜாங்கோ 3.2, 4.2, 5.2 மூன்றுக்கும் பொது. எனவே முதலில் 3.2-வை அதன் கடைசித் திருத்தத்துக்குக் கொண்டுவந்து, தளத்தை அப்படியே புது சர்வருக்கு, பைத்தான் 3.10-க்கு மாற்றி ஒரு வாரம் ஓட விடுங்கள். அதன் பிறகு ஜாங்கோவைத் தொடுங்கள். அடித்தளத்தையும் கூரையையும் ஒரே நாளில் மாற்றினால் விரிசல் எதனால் என்று தெரியாது. 3.10-க்கும் ஆயுள் 2026 அக்டோபர் வரைதான், அதனால் 5.2-ல் நிலைத்த கையோடு 3.12-க்குப் போய்விடலாம்.

பட்டியலில் உள்ள பேக்கேஜ்களில் கைவிடப்பட்டது ஒன்றாவது இருக்கும். நேரம் விழுங்குவது அதுதான். ஒரு கல்வி நிறுவனத்துக்கு 1.11-லிருந்து 4.2-க்குக் கொண்டுவரும் வேலையை இரண்டு வாரம் என்று ஒப்புக்கொண்டு ஏழு வாரம் செய்தேன். பைத்தான் 2.7-லிருந்து வெளியே வந்தது அதில் பாதி. மீதி, படங்களைச் சின்னதாக்கும் ஒரு பேக்கேஜுக்கு மாற்று கண்டுபிடித்தது. ஈரோட்டுத் தளத்தில் ஒவ்வொரு படியும் நான்கைந்து நாள்தான் எடுத்தது. உங்கள் முதலாளியிடம் பணம் கேட்க இந்தக் கணக்கு உதவலாம்.

மாற்றாமலே விடலாமா? விடலாம், இரண்டு மூன்று மாதத்தில் அந்தத் தளத்தையே மூடிவிட்டு வேறு எதற்கோ போகிறீர்கள் என்றால். "போகலாம் என்று நினைக்கிறோம்" என்பது கணக்கில் வராது.

நீங்கள் சொன்னதில் என்னை அவசரப்படுத்துவது ஒன்றுதான்: செய்தவர் கேட்டால் பதில் சொல்வார் என்பது. ஆதரவு முடியும் தேதியை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் போட்ட ஹாஷ் மாதிரி உங்கள் கோப்பில் ஏதாவது இருந்தால், அது ஏன் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். இந்த வாரமே ஒரு மணி நேரம் வீடியோ காலில் பிடித்து, செட்டிங்ஸ் கோப்பை வரி வரியாகக் கேட்டு எழுதி வையுங்கள். காசு கேட்டால் கொடுங்கள்.

மாற்றும் நாளைப் பொறுத்தவரை, நாங்கள் இப்போது புதன்கிழமை காலை பத்து மணிக்குத்தான் செய்கிறோம். சந்தை முடிந்திருக்கும், டேட்டாபேஸை முழுசாக பேக்கப் எடுத்து இன்னொரு இடத்தில் திறந்து பார்க்க நேரம் இருக்கும், அடுத்த கூட்டத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும். முதல் கோப்பை இறக்கிப் பார்ப்பது கணக்குப் பெரியவர். அவர் "தேதி சரியா இருக்குதுங் தம்பி" என்று சொன்ன பிறகுதான் பழைய சர்வரை அணைக்கிறேன்.