இரவில் பழம் மட்டும் சாப்பிட்டும் எடை குறையவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 43. எடையைக் குறைப்பதற்காகச் சித்திரை மாதத்திலிருந்து இரவில் இட்லியை விட்டுவிட்டு, இரண்டு மல்கோவா மாம்பழமும் இரண்டு பூவன் பழமும் மட்டும் சாப்பிடுகிறேன். காலையில் நடந்துவிட்டு வந்ததும் தேன் கலந்த ஆரஞ்சுச் சாறு ஒரு டம்ளர் குடிக்கிறேன். இரவு பதினோரு மணிக்குப் பசி தாங்காவிட்டால் இரண்டு முறுக்கு. முதல் மாதம் 2 கிலோ குறைந்தது. இப்போது அதில் பாதி திரும்பிவிட்டது. பழம் எடையைக் கூட்டுமா? ஏற்காட்டிலிருந்து நாத்தனார் அனுப்பும் பட்டர் ஃப்ரூட் இனிக்காதே, அதையாவது சாப்பிடலாமா?
- ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழக் காலத்தில் மாம்பழத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை, அப்படிச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பழம் என்பதாலேயே அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதும், ஒரு வேளைச் சாப்பாட்டின் இடம் முழுவதையும் அதற்கே கொடுத்ததும்தான் உங்கள் சிக்கல்.

சமையலறைத் தராசு இருந்தால் நாளை ஒரு மல்கோவாவை நிறுத்துப் பாருங்கள். முழுப் பழம் 450 கிராம் இருந்தால், தோலையும் கொட்டையையும் நீக்கிய பின் சுமார் 300 கிராம் சதை மிஞ்சும். மாம்பழச் சதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 60 கலோரியும் 14 கிராம் சர்க்கரையும் உண்டு. ஆகவே, இரண்டு பழத்தில் 360 கலோரி உள்ளே போகிறது. பூவன் பழங்களையும் சேர்த்தால் 490 அளவுக்கு வந்துவிடும். நீங்கள் விட்டுவிட்ட நான்கு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் 350 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். தியாகம் செய்ததாக நினைத்த இடத்தில் கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள். முதல் மாதம் குறைந்ததில் ஒரு பகுதி உடலில் இருந்த நீராக இருக்கலாம். உணவு முறையை மாற்றிய தொடக்கத்தில் அப்படி நடப்பது வழக்கம்.

இதைவிடப் பெரிய குறை புரதம். அந்த நான்கு பழங்களையும் சேர்த்தாலும் 7 கிராம் புரதத்தைத் தாண்டாது; 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் அளவுக்குப் புரதம் தேவைப்படுகிறது. புரதம் குறைந்த உணவு வயிற்றில் நெடுநேரம் நிற்காது என்பதால்தான் பதினோரு மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடுகிறீர்கள். எண்ணெயில் பொரித்த முறுக்கு 100 கிராமுக்கு 500 கலோரி அளவில் வரும். நாளடைவில் தசையும் குறையத் தொடங்கினால், நடைப்பயிற்சியால் கிடைக்கும் பலனும் மங்கும்.

காலைச் சாறுதான் முதலில் நிறுத்த வேண்டியது. மூன்று ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாக மென்று தின்னக் கால் மணி நேரமாவது ஆகும். இரண்டாவது பழத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். அதே மூன்றையும் பிழிந்து, நார்ச்சத்துள்ள சக்கையை எறிந்துவிட்டால், ஒரே மூச்சில் குடித்துவிடலாம், வயிறும் நிறைந்ததாக உணராது. முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைகளோடு சேர்ப்பதில்லை. ஆனால் பழச்சாற்றையும் தேனையும் சேர்க்கிறது. தேன் எடையைக் குறைக்கும் என்று யாரோ எப்போதோ சொன்னது நம் ஊரில் இன்னும் வேரூன்றி நிற்கிறது. ஒரு தேக்கரண்டித் தேனில் 20 கலோரி இருக்கிறது, அவ்வளவுதான்.

இரவில் பழம் தின்றால் கொழுப்பாகிவிடும் என்று உங்களைச் சிலர் பயமுறுத்தியிருக்கவும் கூடும். நாள் முழுவதும் சேரும் மொத்த அளவுதான் முக்கியம். கடிகாரம் இதில் பெரிய குற்றவாளி அல்ல.

ஆகவே இரவில் இரண்டு இட்லி, அதனுடன் பருப்பு தாராளமாகப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு பொரியல், முடிந்தால் ஒரு முட்டையோ ஒரு கை சுண்டலோ என்று மாற்றிக்கொள்ளுங்கள். மல்கோவாவில் பாதியை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டு, அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறையுங்கள். மாம்பழம் இல்லாத நாளில் கொய்யா நல்ல தேர்வு: 100 கிராமுக்கு 68 கலோரிதான், நார்ச்சத்தோ 5 கிராமுக்கு மேல். பப்பாளியும் தர்ப்பூசணியும் இன்னும் இலேசானவை. பலாச்சுளை மட்டும் எண்ணி எடுக்க வேண்டியது. அது 100 கிராமுக்கு 95 கலோரி.

சர்க்கரை நோய் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆயினும் நாற்பதைக் கடந்துவிட்டதால், மூன்று மாத சராசரி சர்க்கரை, தைராய்டு ஆகிய இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அவற்றில் மாறுதல் இருந்தால், மேலே சொன்ன அளவுகளை உங்கள் மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது அவசியம்.

நாத்தனார் அனுப்பும் பட்டர் ஃப்ரூட் இனிக்காதது உண்மைதான். ஆனால் அதில் சர்க்கரையின் இடத்தைக் கொழுப்பு பிடித்திருக்கிறது. நல்ல வகைக் கொழுப்புதான் என்றாலும், 100 கிராமுக்கு 160 கலோரி. பாலும் சீனியும் சேர்த்து அடித்துக் குடிக்காமல், அரைப் பழத்தை உப்பும் மிளகுத்தூளும் தூவி மசித்து, தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாக இட்லிக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். மீதிப் பாதியை வீட்டில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அறுத்து வைத்தால் மறுநாளைக்குள் கறுத்துவிடும்.