வாசகர் கேள்வி-பதில்: மஞ்சள் கறை, விரல் மை, மிருதங்கத்து ரவை

கேள்வி: துவரம்பருப்பு வேகவைக்கும்போதெல்லாம் குக்கரிலிருந்து ஆவிக்குப் பதிலாகப் பருப்புத் தண்ணீர் பீறிட்டு அடுப்பும் சுவரும் பாழாகின்றன. போன வாரம் விசிலே வராமல் மூடியிலிருந்த சேஃப்டி வால்வு போய்விட்டது. குக்கர் பழசு என்கிறார் கணவர்; நான் கவனிக்கவில்லை என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
– மதுரை வாசகி

பதில்: இருவரையும் சற்று நேரம் சும்மா இருக்கச் சொல்லுங்கள், குற்றவாளி பருப்பு. கொதிக்கும்போது அதிலுள்ள புரதமும் மாவுப்பொருளும் தண்ணீரில் இறங்கி நுரை கட்டுகின்றன. குக்கரில் பாதிக்கு மேல் பருப்பும் தண்ணீருமாக நிரம்பியிருந்தால், அந்த நுரைக்கு மேலே இடமில்லாமல் அது வெயிட் உட்காரும் சின்னக் குழாய்க்குள் ஏறிவிடுகிறது. வெளியே பீறிட்டால் சுவரைத் துடைப்பதோடு வேலை முடிந்தது. குழாயின் உள்ளேயே ஒரு பருப்புத் தோலோ நான்கு சீரகமோ சிக்கிக்கொண்டால்தான் வம்பு. ஆவிக்குப் போக்கிடமில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்; அப்போது சேஃப்டி வால்வின் நடுவே இருக்கும், குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகக் கலவை உருகி வழிவிடும். உங்கள் வால்வு கெட்டுப்போகவில்லை, தன் கடமையைச் செய்து உயிரை விட்டிருக்கிறது. குக்கர் தயாரித்த அதே கம்பெனியின் வால்வை வாங்கிப் பொருத்துங்கள். வேறெதையாவது வைத்து ஓட்டையை அடைக்கச் சொல்லும் கடைக்காரரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

இனிமேல் பருப்பும் தண்ணீரும் சேர்ந்து பாதி அளவைத் தாண்ட வேண்டாம். அரைக் கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். மூடுவதற்கு முன் மூடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, குழாய் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ‘எங்கள் வீட்டில் ஐந்து விசில், உங்கள் வீட்டில் மூன்று விசில்’ என்று உறவினர்கள் வாதிடுவதில் பொருளில்லை. குக்கருக்குள் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகித் தண்ணீர் சுமார் 120 டிகிரி செல்சியஸில் கொதிப்பதால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. தீயைப் பெரிதாக வைத்தால் விசில் அடுத்தடுத்து வரும், அவ்வளவே. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடக் கணக்கு வைப்பதே நம்பத்தக்க வழி.

கேள்வி: விருந்தில் என் வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டிவிட்டது. உடனே சோப்பு போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறை இரத்தம் போலச் சிவந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் எங்கே அடிபட்டது என்று விசாரித்தார்கள். சோப்பில் ஏதாவது கலப்படமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: கலப்படம் இல்லை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின், காரத்தன்மையுள்ள பொருள் பட்டால் சிவக்கும். துணி சோப்பு காரத்தன்மை உள்ளது. மணமக்களுக்குச் சுற்றும் ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்தவுடன் சிவப்பு வருகிறதே, அதே வேதியியல்தான் உங்கள் வேட்டியிலும் நடந்திருக்கிறது. நல்ல தண்ணீரில் அலசினால், அல்லது எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால், மீண்டும் மஞ்சளாகிவிடும். அதனால் பயந்து வேட்டியை மூலையில் எறிய வேண்டாம்.

சாம்பாரில் எண்ணெய் இருப்பதாலும், குர்குமின் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைவதாலும் சோப்பைத் தவிர்க்க முடியாது. சோப்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, ஈரத்தோடு நல்ல வெயிலில் கறைப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்துப்போடுங்கள். ஒளி பட்டால் குர்குமின் சிதையும். ஒரு நாள் வெயிலில் போகாத எச்சம் அடுத்த நாள் போகும். சந்தையில் விற்கும் கறைநீக்கிகளில் பாதி, நம் மொட்டைமாடி இலவசமாகச் செய்யும் இந்த வேலையைத்தான் காசுக்குச் செய்கின்றன.

கேள்வி: வாக்களித்தபோது வைத்த மை என் மகளின் விரலில் அப்படியே இருக்கிறது. எலுமிச்சை, உப்பு, நெயில் பாலிஷ் போக்கும் திரவம் எல்லாம் தேய்த்துப் பார்த்தாயிற்று. இரண்டு வாரத்தில் அவளுக்குத் திருமணம். புகைப்படத்தில் தெரியுமே என்று வருத்தப்படுகிறாள்.
– திருச்சி வாசகி

பதில்: வாக்களித்துவிட்டு மணமேடை ஏறும் பெண்ணுக்கு முதலில் வாழ்த்துகள். முன் கேள்விக்குச் சொன்ன பதிலை இங்கே பயன்படுத்திவிடாதீர்கள். வெயில் மஞ்சளை அழிக்கும், இந்த மையையோ இன்னும் கறுக்க வைக்கும். இதிலுள்ள சில்வர் நைட்ரேட் தோலிலிருக்கும் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கருமையாகிப் படிந்துவிடுகிறது. கர்நாடக அரசுக்குச் சொந்தமான மைசூர் பெயின்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனம் 1962 பொதுத்தேர்தல் முதல் இந்த மையைத் தயாரித்து வருகிறது. ஒருவர் இரண்டு முறை வாக்களிக்கக் கூடாது என்பதற்காகவே தயாரித்த மை, உங்கள் வீட்டு எலுமிச்சைக்கு இணங்கிவிட்டால் அப்புறம் தேர்தல் ஆணையம் எதற்கு?

தோலின் மேல்படலம் உதிர உதிர அங்கே இருக்கும் மை இரண்டு வாரத்துக்குள் பெருமளவு மங்கிவிடும். நகத்தில் உள்ளது நகம் வளர்ந்து வெட்டப்படும்போதுதான் போகும். சுரண்டி எடுக்க முயன்று விரலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். மருதாணி வைக்கும் நாளில் விரல் நுனிகள் முழுவதும், நகத்தோடு சேர்த்து, தொப்பி போல வைத்துவிடச் சொல்லுங்கள். பத்து விரலும் கறுத்துச் சிவந்திருக்கும்போது இடது ஆள்காட்டி விரலை மட்டும் யார் தேடப்போகிறார்கள்?

கேள்வி: ஒரு தொகுதியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் போட்டியிடலாமா? இதற்கு ஓர் எல்லை வைக்கக் கூடாதா? ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்தும் நிற்பவர்களால் மக்கள் பணம்தானே வீணாகிறது?
– ஈரோடு வாசகர்

பதில்: ஈரோட்டிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம். 1996 சட்டமன்றத் தேர்தலில் உங்கள் மாவட்டத்து மோடக்குறிச்சியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று கோபமடைந்த விவசாயிகள், சாலை மறியலுக்குப் பதிலாக வேட்புமனுவைக் கையில் எடுத்தார்கள். அப்போது மின்னணு இயந்திரம் இல்லை. எனவே வாக்குச்சீட்டு ஒரு தாளாக இல்லாமல் புத்தகமாகவே அச்சாக வேண்டியிருந்தது. வாக்காளர் தன் சின்னத்தைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டியதை நினைத்துப் பாருங்கள். தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார்.

அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை சட்டமன்றத்துக்கு வெறும் 250 ரூபாயாகவும் மக்களவைக்கு 500 ரூபாயாகவும் இருந்த டெபாசிட், முறையே 5,000 என்றும் 10,000 என்றும் உயர்ந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியைச் சேராதவருக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் விதி வந்தது. பின்னர் தொகை 10,000 ஆகவும் 25,000 ஆகவும் ஆயிற்று. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். இவ்வளவுக்குப் பிறகும் 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்கள். ஓர் இயந்திரத்தில் 16 பெயர்களுக்கே இடம் என்பதால் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஐந்து இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள்.

எண்ணிக்கைக்கு எல்லை வைக்கலாம் என்ற உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை. மோடக்குறிச்சி விவசாயிகள் ஜெயிக்க நிற்கவில்லை. தங்களை எண்ணிப் பார்க்க வைக்க நின்றார்கள், அதில் வெற்றியும் கண்டார்கள். பணத்தைச் சொல்லித் தடுப்பதானால், பணமுள்ளவர் மட்டும் விளையாட்டாக நிற்கலாம் என்றாகிவிடும். தவிர, யார் நின்றாலும் கடைசியில் சில நூறு வாக்குகளில் முடிவு மாறுகிறது என்பதையும் மறக்கக் கூடாது: 2016இல் இராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்குகள், 2021இல் தியாகராய நகரில் 137. ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில் 2008இல் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். முதல்வர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மைத்துனருக்கும் எனக்கும் கட்சிச் சண்டை முற்றிப் பேச்சே நின்றுவிட்டது. தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். என்ன பேசுவது?
– சேலம் வாசகர்

பதில்: ‘வாங்க மாப்பிள்ளை’ என்று சொல்லுங்கள். பிறகு அவரே பேசுவார்.

கேள்வி: கச்சேரி தொடங்கும் முன் மிருதங்க வித்வான் உப்புமாவுக்குப் போல ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடப்பக்கத் தோலில் அப்புகிறார். வலப்பக்கத்தில் மட்டும் கறுப்பு வட்டம் நிரந்தரமாக இருக்கிறதே, இடப்பக்கத்துக்கும் அப்படி ஒன்று வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் இந்தச் சமையல் தேவைப்படாதல்லவா?
– கும்பகோணம் வாசகி

பதில்: முன் வரிசையில் உட்கார்ந்து கவனிப்பவரால்தான் இப்படிக் கேட்க முடியும். வலப்பக்கத்தை வலந்தலை என்றும் இடப்பக்கத்தைத் தொப்பி என்றும் சொல்வார்கள். வலந்தலையில் உள்ள கறுப்பு வட்டத்துக்குச் சோறு என்று பெயர். சோற்றுப் பசையோடு ஒரு வகைக் கல்லைப் பொடித்துச் சேர்த்து, படலம் படலமாகத் தேய்த்து உலர்த்தி ஏற்றுவது. வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று இசைவாக அமையாது. அதனால் அது ஓசையாகக் கேட்குமே தவிர ஸ்ருதியாகக் கேட்காது. நடுவில் சரியான எடையை ஏற்றினால் அந்தத் துணை ஒலிகள் அடிப்படை ஒலியின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுகின்றன. இதை ஆராய்ந்து எழுதியவர் சி.வி. ராமன், 1920இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு குறிப்பும், 1934இல் விரிவான கட்டுரையும் வெளியிட்டார். நோபல் பரிசு அவருக்கு ஒளிக்காகக் கிடைத்தது. ஆனால் மிருதங்கத்தைச் செய்த பெயர் தெரியாத கைவினைஞர்கள் பல தலைமுறைக்கு முன்பே காதால் கண்டுபிடித்ததைத்தான் தாம் விளக்குகிறோம் என்ற பணிவு அவர் எழுத்தில் உண்டு.

இடப்பக்கத்தின் தேவை வேறு. அங்கே ஸ்ருதியைவிட அடர்த்தியான தாழ்ந்த ஒலிதான் வேண்டும். ஈர ரவையின் எடை தோலின் அதிர்வை மெதுவாக்கி ஒலியைக் கீழே இறக்குகிறது. எவ்வளவு அப்புவது என்பது அன்றைய பாடகரின் ஸ்ருதியையும், தோலின் விறைப்பையும், அரங்கத்தின் ஈரப்பதத்தையும் பார்த்துத் தீர்மானிப்பது. மணிக்கட்டை அழுத்தி இழுத்து எழுப்பும் கும்கி என்ற ஒலிக்கு இந்த நெகிழ்வு அவசியம். குளிரூட்டிய அரங்கில் ரவை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால்தான் இடையிடையே விரலை நனைத்துத் தடவிக்கொள்கிறார்கள். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தோல் கெடும், எலியும் வரும். வடக்கே பக்வாஜ் வாசிப்பவர்கள் இதே வேலைக்குக் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டுகிறார்கள். இப்போது சிலர் செயற்கைப் பசைக்கு மாறிவிட்டார்கள். எனக்கு ரவைதான் பிடிக்கும். அந்த இரண்டு நிமிடம் சபாவில் பேச்சுக் குறைகிறது.

கேள்வி: காலையில் கடற்கரையில் ஓடும்போது காதில் கர்நாடக இசை கேட்கிறேன். கிருதி வரும்போது கால் தானாக ஓடுகிறது; ஆலாபனை தொடங்கினால் வேகம் குறைந்து நடக்கத் தொடங்கிவிடுகிறேன். சினிமாப் பாட்டுக்கு மாறிவிடவா?
– சென்னை வாசகர்

பதில்: ஆலாபனைக்குத் தாளம் கிடையாது, காலுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாததால் அது தளர்வதில் வியப்பில்லை. அதைக் குறையாக எண்ணாமல், ஓடி முடித்து மூச்சு வாங்க நடக்கும் பத்து நிமிடத்துக்கு ஆலாபனையை ஒதுக்கிவிடுங்கள். ஓட்டத்துக்கு, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் உகந்தது. அதிலும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். ஓர் எண்ணிக்கைக்கு ஓர் அடி என்று ஓடினால், எட்டு எண்ணிக்கை உள்ள ஆதி தாளத்தில் ஒவ்வோர் ஆவர்த்தனத்தின், அதாவது தாளச் சுற்றின், தொடக்கமும் ஒரே காலில்தான் விழும். ஏழு எண்ணிக்கை உள்ள மிஸ்ர சாபுவிலோ ஒரு முறை வலது காலிலும் மறுமுறை இடது காலிலுமாக மாறி மாறி விழும். தொடக்கத்தில் இது குழப்பும். பழகிவிட்டால் இரண்டு காலுக்கும் அழுத்தம் சமமாகப் பங்கிடப்படுவது போன்ற ஒரு சுகம் இருக்கிறது. வாகனம் ஓடும் சாலையில் மட்டும் ஒரு காதைத் திறந்து வையுங்கள். பேருந்து ஓட்டுநருக்கு நீங்கள் எந்தத் தாளத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியாது.

கேள்வி: என் மகன் பத்தாயிரம் ரூபாய்க்கு ஓட்டக் காலணி கேட்கிறான். வெறுங்காலில் ஓடினால் என்ன கெட்டுவிடும்?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: வெறுங்காலில் ஓடிப் பெரிய காரியம் செய்தவர்கள் உண்டு. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு 42.195 கிலோமீட்டர் ஓடித் தங்கம் வென்றார். நம் ஷிவ்நாத் சிங் பெரும்பாலும் காலில் பிளாஸ்திரி மட்டும் சுற்றிக்கொண்டு ஓடியவர். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் பதினோராவதாக வந்தார், 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி அவர் வைத்த இந்தியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அசையாமல் நின்றது. ஆனால் இதை மகனிடம் சொல்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: அவர்கள் சிறு வயது முதல் வெறுங்காலில் நடந்து ஓடிப் பாதம் உரமேறியவர்கள். பள்ளிக்கூட ஷூவிலேயே வளர்ந்த பையன் திடீரென்று தார்ச் சாலையில் வெறுங்காலில் ஓடினால் பத்து நாளில் குதிகால் பிடித்துக்கொள்ளும். பிகிலாவும் 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்துதான் இரண்டாவது தங்கத்தை வென்றார், நேரத்தையும் மூன்று நிமிடத்துக்கு மேல் குறைத்தார். பத்தாயிரம் தேவையில்லை, மூவாயிரத்துக்குள் தரமான காலணி கிடைக்கிறது. மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், கடைக்கு அழைத்துப்போய்க் கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கும்படி பார்த்து வாங்கிக்கொடுங்கள்.