பேஷன்ட் என்ன சொல்றாருன்னு கேளுங்க: ஓஇடி (வெளிநாட்டு வேலைக்காக மருத்துவத் துறையில இருக்கிறவங்க எழுதுற இங்கிலீஷ் பரீட்சை) எழுதுற நர்ஸ்களோட கேள்விகளுக்குப் பதில்

வாசகி, நாகர்கோவில்: அக்கா, நான் ஐசியுல வேலை பாக்குறேன். ரவுண்ட்ஸ்ல டாக்டருங்க பேசுற இங்கிலீஷ் நல்லாவே புரியும். ஆனா ஓஇடி லிஸனிங்ல மட்டும் 350 வேண்டிய இடத்துல 310-ஐத் தாண்டவே மாட்டேங்குது. ஆடியோ ஒரே தடவைதான் ஓடுது, ஒரு ஆன்சர் எழுதி நிமிர்றதுக்குள்ள அடுத்த ரெண்டு போயிடுது. தினமும் ரெண்டு மாக் டெஸ்ட் போடுறேன், எங்க இடிக்குது?

அந்த ரெண்டு மாக் டெஸ்ட்லதான் இடிக்குதும்மா. டெஸ்ட் போட்டா இன்னிக்கு எத்தனை மார்க்னு தெரியும், காது பழகாது. முதல்ல மார்க் எங்க இருக்குன்னு பாருங்க, லிஸனிங்ல மொத்தம் 42 கேள்வி, அதுல 24 பார்ட் ஏ-லயே வந்துடுது, ரெண்டு பேஷன்ட் வந்து டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ பேசுறதைக் கேட்டு நோட்ஸ்ல விட்டுப்போன இடத்தை நிரப்பணும். நீங்க பழகியிருக்கிறது டாக்டர் இங்கிலீஷ், அங்க முக்கால்வாசி பேசுறது பேஷன்ட். மூச்சுத்திணறலை அவரு டிஸ்ப்னியான்னு சொல்ல மாட்டாரு, பாதி மாடிப்படி ஏறுறதுக்குள்ள 'அவுட் ஆஃப் பஃப்' ஆயிடுறேன்னுதான் சொல்லுவாரு. சாப்பாட்டு மேல இஷ்டமே இல்லன்னா 'கான் ஆஃப் மை ஃபுட்'. வயிறு 'டம்மி', ஊசி 'ஜாப்', உடம்பு முடியலன்னா 'புவர்லி'. இதெல்லாம் நம்ம நர்சிங் காலேஜ் புக்குல எங்கயும் வராது.

இனிமே ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ஆடியோ போதும். ஓஇடி சைட்லயே ஃப்ரீ சாம்பிள் டெஸ்ட் இருக்கு, ஆடியோ ஸ்கிரிப்டும் சேர்த்தே கிடைக்கும். முதல் தடவை பரீட்சை மாதிரியே எழுதுங்க. அதுக்கப்புறம் ஆன்சர் கீயை உடனே திறக்காம, சந்தேகமா இருந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விட்டு காதுல விழுறதை அப்படியே நோட்டுல எழுதுங்க, எழுதி முடிச்ச பிறகுதான் ஸ்கிரிப்டோட வச்சுப் பாக்கணும். அப்ப தெரியும், சில இடத்துல அந்த வார்த்தையே உங்களுக்குப் புதுசு, சில இடத்துல தெரிஞ்ச வார்த்தைதான் ஆனா வேகமா சேர்த்துச் சொன்னதால பிடிபடல, சில இடத்துல நல்லாவே கேட்டுச்சு ஆனா கை இன்னும் பழைய ஆன்சரை எழுதிட்டு இருந்துச்சு. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. புது வார்த்தையை எழுதி வைங்க. சேர்ந்து போற சத்தத்துக்கு, ஸ்கிரிப்டைக் கையில வச்சுக்கிட்டு அந்த ஆடியோ கூடவே அதே வேகத்துல வாய்விட்டுச் சொல்லணும், நம்ம வாய்க்கு வந்த சத்தம்தான் நம்ம காதுக்குப் பிடிபடும். எழுதுற வேகம்தான் பிரச்சினைன்னா முழு வாக்கியம் எழுதாதீங்க, கேட்ட ஒண்ணு ரெண்டு வார்த்தை போதும்.

அப்புறம் ஒரு ஆன்சர் போச்சுன்னா போகட்டும். ஆடியோ ஓடுறதுக்கு முன்னாடி நோட்ஸ் படிக்க கொஞ்சம் டைம் தர்றாங்க இல்லையா, அப்ப தலைப்புகளை நல்லா பாத்துக்கோங்க. ஆடியோ அதே வரிசையிலதான் போகும், டாக்டர் அடுத்த கேள்விக்குப் போறாருன்னா உங்க கண்ணும் அடுத்த தலைப்புக்குப் போயிடணும்.

வாசகி, மதுரை: ஹாஸ்டல்ல இருக்கேன் அக்கா, வார்டுலயும் ரூம்லயும் தமிழ்தான். ஸ்பீக்கிங்குக்கு கோச்சிங் சென்டர்ல வாக்கியங்கள் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க, பண்ணிட்டேன். இருந்தும் மார்க் வரல. கூட இங்கிலீஷ் பேச ஆளே இல்லாம எப்படி பழகுறது?

மனப்பாடம் பண்ண வாக்கியம் ஏன் உதவலன்னு முதல்ல சொல்லிடுறேன். ஸ்பீக்கிங் மொத்தம் ஒரு 20 நிமிஷம், ஆரம்பத்துல சும்மா பேசுறதுக்கு மார்க் இல்ல. அப்புறம் ரெண்டு ரோல் ப்ளே, ஒவ்வொண்ணுக்கும் சூழ்நிலை எழுதின கார்டு ஒண்ணு தருவாங்க, அதைப் படிக்க 3 நிமிஷம், பேச 5 நிமிஷம். எதிர்ல இருக்கிறவங்க பேஷன்டாவோ அவங்க வீட்டு ஆளாவோ நடிக்கிறாங்க, அவங்க கையில வேற கார்டு இருக்கு, அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு!

உதாரணத்துக்கு, உங்க கார்டுல ஒரு சுகர் பேஷன்டுக்கு இன்சுலின் ஆரம்பிக்கணும், அவர் மறுக்கிறாருன்னு இருக்குன்னு வைங்க. நீங்க உடனே 'ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன்'னு சொல்லிட்டு ஊசி எப்படி போடணும், எங்க போடணும்னு மூணு நிமிஷம் விளக்குறீங்க. அவர் கார்டுல, அவங்க அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே காலை எடுத்துட்டாங்க, அந்த பயம்தான்னு எழுதியிருக்கு. அவர் வாயைத் திறக்கவே இல்ல, அதுக்குள்ள உங்களுக்கு எந்த கவலை புரிஞ்சுது? இலக்கணம், உச்சரிப்பு, சரளம் மாதிரி மொழிக்கு நாலு விஷயம் பாக்குறாங்கன்னா, பேஷன்டோட நிலைமையைப் புரிஞ்சுக்கிறது, விவரம் கேட்டு வாங்குறது, விவரம் சொல்றதுன்னு அந்தப் பக்கம் அஞ்சு விஷயம் பாக்குறாங்க. மனப்பாடம் இந்த அஞ்சுலயும் காலை வாரிடும்.

இன்னொண்ணு. 'ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க'ன்னு நம்ம வார்டுல பாசமாத்தான் சொல்றோம், அதையே அங்க இங்கிலீஷ்ல சொன்னா அவர் பயத்தைக் காதுலயே வாங்காத மாதிரி ஆயிடும். 'வாட்ஸ் வொர்ரியிங் யூ த மோஸ்ட்?'னு ஒரு கேள்வி கேட்டுட்டு அமைதியா இருங்க. அவர் என்ன சொன்னாரோ அதுல இருந்து ஒரு வார்த்தையை எடுத்து உங்க அடுத்த வாக்கியத்துல வைங்க.

பழகுறதுக்கு இங்கிலீஷ்ல புலியா ஒரு ஆள் வேணும்னு நினைக்காதீங்க. ரூம்மேட் போதும். அவங்க ஒரு துண்டுச்சீட்டுல ஒரு பயத்தையோ மறைக்கிற விஷயத்தையோ எழுதி மடிச்சு வச்சுக்கணும், மாத்திரையை நிறுத்திட்டேன், வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது, அந்த மாதிரி. நீங்க 5 நிமிஷத்துல பேசிப் பேசி அதை வெளிய கொண்டு வரணும். அவங்க தட்டுத்தடுமாறிப் பேசினாலும் பரவாயில்ல, கேக்க வேண்டியது நீங்கதானே. ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க, உங்க குரலே நிறைய கேக்குதுன்னா இன்னும் குறைக்கணும். நைட் டூட்டி தோழி இருந்தா வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்லயே இதைப் பண்ணலாம். அதோட, நாளைக்கே வார்டுல தமிழ்லயே ஆரம்பிங்க, ஊசியோட போகும்போது 'இதுல உங்களுக்கு என்ன கவலைம்மா?'ன்னு கேட்டுட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்தப் பழக்கம் தமிழ்ல வந்துட்டா இங்கிலீஷ்ல சொல்ல நாலு வாக்கியம்தான் தேவைப்படும். பரீட்சையில எதிர்ல நடிக்கிறவங்க மார்க் போடுறதும் இல்ல, ரெக்கார்டிங்கைக் கேட்டு வேற ஆளுங்கதான் போடுறாங்க, அதனால அவங்க முகத்தைப் பாத்துப் பதற வேண்டாம்.

வாசகர், திருப்பூர்: பிரிட்டிஷ்காரங்க மாதிரியே பேசணுமா?

வேண்டாம். சொல்றது புரியணும், அவ்வளவுதான். ஆனா நம்பர்ல கவனமா இருங்க, ஃபிஃப்டீன்ல அழுத்தம் கடைசியில, ஃபிஃப்டில முன்னாடி. அது மாறினா 15 மில்லிகிராம் 50 ஆயிடும், பரீட்சையை விடுங்க, அது பேஷன்ட் உயிரு. சந்தேகமா இருந்தா 'ஒன் ஃபைவ்'னு இலக்கம் இலக்கமாவும் சொல்லிடுங்க.

வாசகி, தஞ்சாவூர்: ரீடிங் பார்ட் ஏ-ல டைமே பத்தல.

நாலு சின்ன டெக்ஸ்ட், 20 கேள்வி, 15 நிமிஷம். எல்லாத்தையும் முதல் வரியில இருந்து படிச்சா யாருக்குமே பத்தாது. எந்த டெக்ஸ்ட்ல டோஸ் இருக்கு, எதுல அறிகுறி இருக்குன்னு மட்டும் ஒரு பார்வை பாத்துட்டு கேள்விக்குப் போங்க, கேள்வியைக் கையில வச்சுக்கிட்டு தேடுங்க. மருந்து டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற தாளை எடுத்து, கிட்னி பேஷன்டுக்கு டோஸ் எவ்வளவுன்னு எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறீங்கன்னு பாருங்க, தினம் ஒண்ணு செஞ்சாப் போதும். பார்ட் சி அப்படி இல்ல, அங்க எழுதினவரோட கருத்து என்னன்னு கேப்பாங்க, நிதானமாத்தான் படிக்கணும்.

வாசகி, வேலூர்: யுகே போக ஓஇடியா, இல்ல பொது இங்கிலீஷ் பரீட்சையான ஐஇஎல்டிஎஸ்ஸா? எனக்கு ஒரு பேப்பர் மட்டும் நின்னுட்டே இருக்கு.

யுகேல நர்ஸ்களைப் பதிவு பண்ற கவுன்சிலான என்எம்சி ரெண்டையும் ஏத்துக்குது. ஓஇடின்னா லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணுலயும் 350, ரைட்டிங்ல 300. ஐஇஎல்டிஎஸ்னா மூணுலயும் 7, ரைட்டிங்ல 6.5, மொத்தத்துலயும் 7. வார்டு அனுபவம் இருக்கிறவங்களுக்கு நான் ஓஇடியைத்தான் சொல்லுவேன், ஐஇஎல்டிஎஸ்ல எந்தத் தலைப்பு வேணா வரும், இங்க பேசுறது முழுக்க உங்க வேலையைப் பத்தி. ஒரு பேப்பர் நின்னா மனசு விட்டுடாதீங்க, ரெண்டு தடவை எழுதின ரிசல்ட்டை சேர்த்துக் காட்டலாம். ரெண்டு தடவைக்கும் நடுவுல முன்னாடி 6 மாசம்தான் டைம் இருந்துச்சு, 2023-ல அதை 12 மாசமாக்கிட்டாங்க. ரெண்டு தடவையும் நாலு பேப்பரும் எழுதியிருக்கணும், எந்த பேப்பரும் ரொம்பக் கீழ போயிருக்கக் கூடாது. நாகர்கோவில் தங்கச்சியும் இதைப் படிங்க, மத்த மூணும் தேறியிருந்தா அடுத்த தடவை லிஸனிங்குக்கே முழு நேரத்தையும் குடுக்கலாம், ஆனா மத்த மூணையும் அப்படியே கைவிட்டுடாதீங்க. அப்ளை பண்றதுக்கு முன்னாடி என்எம்சி சைட்டைத் திறந்து விதியை ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க, ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீங்க.