கத்தி வைக்காமல் புருவத்தைத் தூக்க முடியுமா?

முடியும், ஆனால் கொஞ்சம்தான். புருவத்தை மேலே இழுப்பது நெற்றித் தசை ஒன்றுதான். கீழே இழுக்கப் பல தசைகள் உண்டு. புருவ வாலுக்கு அடியில், கண்ணைச் சுருக்கும் தசையில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியைச் சிறிதளவு போட்டால் கீழிழுப்பு தளர்ந்து புருவம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரும். 2 வாரத்தில் முழுப் பலன் தெரியும். 3-4 மாதம் நிற்கும். நெற்றிச் சுருக்கம் போகட்டும் என்று அதே மருந்தை நெற்றியில் தாராளமாகப் போட்டால் புருவம் இன்னும் இறங்கிவிடும். இதை மட்டும் மறக்காதீர்கள். அப்புறம், தோலுக்கடியில் கரையும் நூலைச் செலுத்தி இழுத்துப் பிடிக்கும் முறையும் இருக்கிறது.

முதலில் கண்ணாடி முன் நின்று புருவத்தை விரலால் உயர்த்திப் பாருங்கள். அப்போதும் இமைத்தோல் மடிந்து தொங்கினால் சிக்கல் இமையில். இந்த ஊசி உதவாது. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறங்கியிருந்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.