அமெரிக்கத் தென்மாநிலங்களின் ‘ரயில்-பருத்தி ஊர்’ என்றால் என்ன?

இருப்புப்பாதையையும் பருத்தி வணிகத்தையும் நம்பி உருவான சிற்றூரே ரயில்-பருத்தி ஊர். பருத்தி பெரிதும் இடத்தை அடைக்கும் சரக்கு என்பதால், அதை வண்டிகளில் நெடுந்தொலைவு கொண்டுசெல்வது கட்டுப்படியாகவில்லை; ஆகவே, நாற்சந்தியில் முதலில் தேநீர்க் கடையும் பிறகு குடியிருப்பும் முளைப்பதைப் போல, ரயில் நின்ற இடங்களில் கிடங்குகளும் கடைகளும் எழுந்தன.

மிசிசிப்பி மாநிலத்தின் கொரிந்த் 1850களில் இரு இருப்புப்பாதைகள் குறுக்கிடும் இடத்தில் பிறந்தது; அதன் முதற்பெயரே ‘கிராஸ் சிட்டி’. அந்தச் சந்திப்பைக் கைப்பற்றவே 1862இல், அடிமைமுறையை ஒட்டி அமெரிக்காவின் வட, தென்மாநிலங்களிடையே மூண்ட உள்நாட்டுப் போரின் படைகள் அங்கே மோதின. அவ்வூர் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி அதற்குப் பின் வருகிறது: அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஆயிரக்கணக்கான கருப்பின மக்கள் அங்கே முகாமிட்டு, பள்ளியும் தேவாலயமும் எழுப்பி, கூட்டுப் பண்ணையில் தாங்களே பருத்தி பயிரிட்டனர்.

ஊர் வளர்ந்த பிறகே ரயில் வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். கொரிந்தில் பாதைகளின் சந்திப்பே ஊரை உருவாக்கியது.